ஆயில் ஊற்றி அமுக்கிய சத்தம்

வாக்குமூலம் கொடுப்பவர்: பெண், வயது நாற்பத்து நான்கு, தொழில் லேத் பட்டறை. விலாசம்: பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம், உதிரிபாகக் கடைத்தெரு, கீழே பட்டறை, மேலே வீடு. பெயர் புகார் மனுவிலேயே இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கடைத்தெருவில் விசாரித்தால் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள், லேத்தக்கா என்று கேட்டால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வந்து கொண்டுவிடும் என்று நான் சொன்னதையும் எழுத்தர் எழுதிக்கொண்டார்.

மேற்படி விலாசத்தில் நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் எங்கள் ஒரே மகள் ஆகிய மூவரும் குடியிருந்து வருகிறோம். பட்டறை என்னுடையது. தேய்ந்துபோன சிலிண்டர்களை உள்ளே கடைந்து, புதுப் பிஸ்டனுக்குச் சரியாக அளவெடுத்துக் கொடுப்பது என் வேலை. போர் போடுவது என்பார்கள். என் கணவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். விடுமுறை நாட்களில் தன் அண்ணனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவர். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை, பின்னால் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்று காலை பெட்ரோல் பங்குக்கு எதிரே உள்ள மைதானத்தில், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சுத்தியலால் அடித்து உடைத்தேன் என்று என் கணவரின் அண்ணன் கொடுத்த புகாரைக் காவல் ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். உடைத்தது உண்மை. சுத்தியல் என்னுடையது, மேசைமேல் கிடப்பது அதுதான். ஆனால் புகாரில் ‘புத்தி தடுமாறிய நிலையில்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை மறுக்கிறேன். அந்த மைதானத்தில் கூடியிருந்த அத்தனை பேரில் என் புத்தி ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருந்தது என்று சொன்னேன். நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்லும்படி ஆய்வாளர் கேட்டுக்கொண்டார். சொல்கிறேன்.

மேற்படி வண்டி என் மாமனாருடையது. ஒற்றைச் சிலிண்டர், கிக்கரை மிதித்துக் கிளப்ப வேண்டும், என்னைவிட வயதில் மூத்தது. மாமனார் காலமான பிறகு அது தார்ப்பாய் போர்த்தி, கணவரின் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. அண்ணன் பழைய வண்டிகள் சங்கத்தின் செயலாளர். கடைத்தெருவில் அவருக்குப் பாலிஷ் என்று பெயர். எதைக் கண்டாலும் துணியை எடுத்துத் துடைப்பார், முகம் தெரிந்தால் வேலை முடிந்தது என்பார். எனக்கு அவர் மாமா முறை என்பதால் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. இனிமேல் கூப்பிடுவதாக இருக்கிறேன். போன வருடம் இந்த வண்டியைப் பிரித்துக் கட்டி ஊர்வலத்தில் விடப்போவதாக அவர் சங்கத்தில் அறிவித்தார்.

என்ஜினைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் உள்ளே தொடங்கி வெளியே வருவார்கள். இவர் வெளியே தொடங்கினார். என்ஜினின் அடிக்கூட்டைப் பிரிக்காமலே அதன் வாயில் துணியை அடைத்து, வெளிப்புறத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வாங்கி வந்துவிட்டார். அந்த அடிக்கூட்டுக்குள், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றாக மாற்றுகிற கிராங்க் இருக்கிறது. பிஸ்டனிலிருந்து இறங்கும் கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்தைப் பிக் எண்ட் என்போம். இந்த வண்டியில் அந்த இடத்தில் ஒரு வெண்கல புஷ் இருக்கிறது. அது தேய்ந்திருந்தால் கூட்டை மரச்சுத்தியலால் தட்டிப் பிளந்து, கிராங்கை பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புதுசு போட வேண்டும். அப்படிச் செய்தால் பாலிஷில் கீறல் விழும். அவரால் அதைத் தாங்க முடியாது.

அதன் பிறகு சிலிண்டரும் புதுப் பிஸ்டனும் என் பட்டறைக்கு வந்தன. அவர் நேரில் வரவில்லை, என் கணவரிடம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் வேலையை முடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தபோது, பிக் எண்ட் பார்த்தாச்சா என்று கேட்டேன்.

“ராடைப் பிடிச்சு மேலயும் கீழயும் இழுத்துப் பார்த்துட்டேம்மா. கல்லு மாதிரி இருக்கு” என்றார்.

“மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிட்டுப் பார்த்தீங்களா மாமா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்றால், இத்தனை வருடம் நின்ற வண்டியில் பழைய ஆயில் காய்ந்து பசையாகி இடுக்கில் உட்கார்ந்திருக்கும். தேய்ந்துபோன புஷ்ஷும் அந்தப் பசையால் இறுக்கமாகத்தான் தெரியும். கழுவிய பிறகு பார்த்தால்தான் ஆட்டம் தெரியும். இது பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவருக்கும் முதல் வாரத்தில் தெரிந்துவிடுகிற விஷயம்.

“நீ சிலிண்டரை மட்டும் பாரும்மா. மத்ததைப் பார்க்க நான் இருக்கேன்ல” என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு என்ஜினைப் பூட்டி, முதல் முறை கிளப்பும் நாளில் சங்க உறுப்பினர்களையும் கடைத்தெரு மெக்கானிக்குகள் சிலரையும் கொட்டகைக்கு அழைத்திருந்தார். வண்டி கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறியதும் உள்ளேயிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்தது. கைதட்டல் நின்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அதன் பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“போர் லூஸ் போலிருக்கு” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “என்ன பண்றது, நம்ம வீட்டு ஆளாச்சேன்னு குடுத்தேன்” என்றார்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இவர் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்.  அடுத்த நாள் ஒரு மெக்கானிக் வந்து, கடைவதற்குக் கொடுத்திருந்த சிலிண்டரை அவசரமாகத் தேவைப்படுவதாகச் சொல்லித் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். தேய்ந்த சிலிண்டரை அவசரமாக எடுத்துப்போய் யாரும் கஞ்சி காய்ச்ச முடியாது. அது எந்தப் பட்டறைக்குப் போனது என்று எனக்குத் தெரியும்.

பழி என் பட்டறைக்கு வந்ததால் நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்து, அடுத்த விடுமுறை நாளில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பாலிஷ் சங்க வேலையாக வெளியே போயிருந்தார். கணவரும் மகளும் இருந்தார்கள். வண்டியைக் கிளப்பிக் கேட்டேன். என் போர் லூஸாக இருந்தால் பிஸ்டன் சுவரில் மோதும். அந்தச் சத்தம் குளிர்ந்த என்ஜினில் பெரிதாகக் கேட்டு, சூடேறி பிஸ்டன் விரிந்ததும் அடங்கிவிடும். இந்தச் சத்தம் நேர்மாறாக இருந்தது. குளிர்ந்திருக்கும்போது சும்மா இருந்தது, சூடேறி ஆயில் இளகியதும் வாயைத் திறந்தது. அதன் பிறகு வால்வுகளைத் தள்ளுகிற டாப்பெட்டைப் பார்த்தேன். டாப்பெட் சத்தம் என்றால் என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவை வரும். இது சுற்றுக்கு ஒன்றாக வந்தது. அதன் பிறகு ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் ஒவ்வொரு இடமாக ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். மேலே வால்வுகளின் வழக்கமான டிக் டிக். நடுவில் என் சிலிண்டரில் ஒன்றுமில்லை. அடிக்கூட்டில் ஊன்றியதும் காதுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. ஆக்ஸிலேட்டரைத் திருகிச் சட்டென்று விட்டால் அந்தத் தட்டு இரட்டையாக விழுந்தது.

அதன் பிறகு என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைப் பாதி வழியில் நிறுத்தினேன். பிளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு, அது பிஸ்டன்மேல் உட்கார்ந்திருக்கும்படி மகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வண்டியை கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் அசைத்தேன். கியரிலும் செயினிலும் இருக்கிற தளர்ச்சி ஏமாற்றிவிடக் கூடாது என்பதால், பக்க மூடியையும் கழற்றி, கிராங்க் நட்டில் ஸ்பேனரை மாட்டி அதைப் பிடித்தும் அசைத்தேன்.

“அம்மா, நீ ஆட்டுற. ஆனா இது அசையவே இல்ல” என்றாள். கொஞ்சம் கழித்து, “இப்பதான் அசையுது” என்றாள்.

நான் அசைப்பதற்கும் பிஸ்டன் அசைவதற்கும் நடுவில் இருக்கிற அந்த வெற்று ஆட்டம்தான் தேய்மானம். என் மகள் அதைத் தன் விரலில் உணர்ந்தாள். கணவர் பக்கத்தில் நின்று பார்த்தார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. என் போர் தப்பித்தது, பாலிஷின் மூக்கு உடையப்போகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த சங்கத்தின் சுவரொட்டியைப் பார்த்தேன். ஊர்வலம் நெடுஞ்சாலை வழியாகப் போய் மலைச்சாலையில் ஏறும் என்று போட்டு, என் மாமனார், பாலிஷ், என் மகள் மூவரின் படத்தையும் அச்சடித்து, முதல் வண்டியை ஓட்டுபவர் மூன்றாம் தலைமுறை என்று எழுதியிருந்தது. என் மகள் ஓட்டப்போகிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும், அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்ததே நான்தான். ஆனால் அந்தச் சத்தமும் அவள் முகமும் அந்த நிறுத்தத்தில்தான் ஒன்றாகச் சேர்ந்தன. வேகமாகப் போகும்போது பிக் எண்ட் பிடித்துக்கொண்டால் என்ஜின் அப்படியே இறுகிவிடும், பின்சக்கரம் சுற்றாமல் இழுத்துக்கொண்டு போகும். கிளட்சைப் பிடிக்க நேரம் கிடைத்தால் பிழைக்கலாம். பின்னால் லாரி வந்தால் அதுவும் இல்லை. சந்தோஷம் எல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

அன்று மாலையே திரும்பிப் போய்ப் பாலிஷிடம் சொன்னேன்.

“உன் போரைக் காப்பாத்திக்க என் கிராங்க் மேல பழி போடுறியா?” என்றார்.

“என் போர் நாசமாப் போகட்டும் மாமா. போர் லூஸுன்னே எல்லார்கிட்டயும் சொல்லிக்குங்க. நானே வந்து ஆமாங்கறேன். கிராங்கைப் பிரிச்சு புஷ்ஷை மட்டும் மாத்துங்க” என்றேன்.

இதை நான் சொன்னபோது கணவர் அங்கே இருந்தார். என் மகளும் இருந்தாள். இருபது வருடம் கட்டிக் காத்த பட்டறையின் பெயரை நான் தூக்கிக் கீழே போட்டேன், அதை எடுத்துப் பார்க்கக்கூட அங்கே ஆள் இல்லை. ஊர்வலத்துக்குள் பிரித்துக் கட்ட முடியாது, அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது என்று பாலிஷ் சொன்னார்.

அதன் பிறகு நடந்தது இது. ஊர்வலத்துக்கு முந்திய நாள் காலையில் என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனேன். பாலிஷ் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். சத்தம் இல்லை. சூடேறும்வரை ஓடவிட்டார். அப்போதும் இல்லை. “எங்கம்மா போச்சு உன் பிக் எண்ட்?” என்று கேட்டார். மகள் சிரித்தாள். “என்னம்மா, இப்ப என்ன சொல்றே?” என்றாள்.

தேய்ந்த உலோகம் ராத்திரியில் வளர்ந்துவிடாது. நான் கிக்கரைக் காலால் அமுக்கிப் பார்த்தேன், சேற்றில் கால் வைத்தது போல இருந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். என்ஜின் ஆயில் என்றால் சொட்டும். இது குச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. முகர்ந்தேன், கந்தக வாடை அடித்தது. லாரியின் பின் அச்சுக்கு ஊற்றுகிற கியர் ஆயில். பழைய வண்டியைத் தலையில் கட்டுகிற தரகர்கள் செய்கிற வேலை இது. கெட்டி ஆயில் இடுக்கில் நிறைந்து சத்தத்தை அமுக்கும். ஆனால் புஷ்ஷுக்கு ஆயில் போகிற துளை ஊசி அளவுதான். கெட்டி ஆயில் அதற்குள் போதுமான அளவு போகாது. சத்தம் போடுகிற பிக் எண்ட் கொஞ்ச தூரமாவது தாங்கும். இது சத்தம் போடாமலே பிடித்துக்கொள்ளும்.

இதை நான் அங்கேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன். பாலிஷ், அது பந்தய வண்டிகளுக்கு ஊற்றுகிற விசேஷ ஆயில் என்றார். யார் ஊற்றியது என்று கேட்டேன். கணவர் தரையில் கிடந்த கழிவுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் மறுபடியும் சொன்னேன்.

“உனக்குப் பெரியப்பாவைப் பிடிக்காது. அதுக்கு நான் என்னம்மா பண்றது?” என்றாள்.

“நீ கம்பியைப் பிடிச்சுப் பார்த்தியேடி. உன் விரலுக்குத் தெரிஞ்சுதே.”

“அன்னிக்குத் தெரிஞ்சுது. இப்பதான் சரி பண்ணிட்டாரே. அப்பாவும் கூடத்தானே இருந்தாரு? தப்புன்னா அப்பா சொல்லமாட்டாரா?”

 நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கணவரிடம் போய், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள் என்று சொன்னேன். “அண்ணன் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. விடு” என்றார். அதன் பிறகு நான் கொட்டகைக்குப் போய் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இதையும் புகாரில் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் மைதானத்துக்குச் சுமை வண்டியில் ஏற்றும்போது பார்த்தால், புதுப் பிளக் இருந்தது. அதை மாட்டியது என் கணவர். அண்ணன் கேட்டார், எடுத்து மாட்டினேன் என்று அவரே சொன்னார்.

இன்று காலை மைதானத்துக்குப் பையில் சுத்தியலை வைத்துக்கொண்டுதான் போனேன். திடீரென்று கையில் கிடைத்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் அதை எடுக்கவில்லை. வண்டிகள் வரிசையாக நின்றன. ஒலிபெருக்கியில் பாலிஷ் தன் தகப்பனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை காத்திருந்து அவரிடம் போனேன்.

“மாமா, நீங்க ஒருதடவை மலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் அவ ஓட்டட்டும். இத்தனை பேர் பார்க்க உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்” என்றேன்.

“எனக்கு இடுப்பு வலிம்மா. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்றார். முந்திய வாரம் அவர் வேறொரு வண்டியில் சந்தைக்குப் போய் வந்ததை நான் பார்த்தேன். அவருக்கு உண்மை தெரிந்திருந்ததா, அல்லது சும்மா பயமா என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள் அவரிடம் கேட்க வேண்டும்.

அதன் பிறகு என் கணவரிடம் போனேன். அவர் குடிநீர்ப் பந்தலில் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்க ஓட்டுங்க. உங்க அப்பா வண்டிதானே. உங்க அண்ணன் கட்டினதுதானே. ஏறி உட்காருங்க, நான் பின்னால உட்கார்றேன். ரெண்டு பேரும் போகலாம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். ஏறவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு தம்ளரை எடுத்து அதன் விளிம்பைத் துடைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொன்னது சரி என்று அந்த மைதானத்தில் என்னைத் தவிர இன்னொருவருக்கும் தெரியும், அவர் என் மகளின் அப்பா.

மகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். படம் எடுக்க, ஊர்வலத்தைத் தொடங்கிவைக்க வந்த விருந்தினர் பக்கத்தில் வந்து நிற்கும்படி கூப்பிட்டதால் இறங்கிப் போனாள். என்ஜின் ஓடவில்லை. அவள் நான்கைந்து அடி தள்ளிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுத்தியலை எடுத்தேன். முதல் அடி சிலிண்டருக்குக் கீழே அடிக்கூட்டின் முன்பக்கத்தில் போட்டேன். அது வழுக்கிவிட்டது, பாலிஷ் அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தார்கள். இரண்டாவது அடியில் கூடு விரிசல் விட்டது. அத்தோடு வண்டி ஓடாது, என் வேலை முடிந்துவிட்டது. மூன்றாவது அடிக்கு அவசியமே இல்லை. அது ‘நம்ம வீட்டு ஆளாச்சே’ என்பதற்காக அடித்தது. அதில் கூட்டில் ஓர் ஓட்டை விழுந்தது. அதன் பிறகு யாரோ என் கையைப் பிடித்தார்கள். பாலிஷ் அழுதார். மகள் என்னிடம் வந்து, “நீ எனக்கு அம்மாவே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சுத்தியலைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன், ஓடவில்லை.

அதன் பிறகு என்னையும், சுமை வண்டியில் ஏற்றி மேற்படி மோட்டார் சைக்கிளையும் நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள். புகாருக்குச் சாட்சி சொல்ல என் கணவரும் மகளும் பாலிஷோடு வந்திருந்தார்கள். வண்டியை ஒருமுறை பாருங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆய்வாளர் நிலைய வாகன ஓட்டுநரை அழைத்தார். முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவர் அடிக்கூட்டின் கீழே ஒரு தட்டை வைத்து மிச்ச ஆயிலை வடித்தார். அது தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. தட்டைச் சாய்த்து வெயிலில் காட்டியபோது ஆயில் முழுக்க மஞ்சள் பொடி மின்னியது. வெண்கலம். முந்திய நாள் காலையில் கொட்டகையில் நிறுத்தி வைத்து ஓட்டிக் காட்டினார்களே, அந்தக் கொஞ்ச நேரத்தில் அரைத்தது.

அதன் பிறகு ஓட்டுநர், மூன்றாவது அடியில் விழுந்த அந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு, உள்ளே இருந்த ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். டொக் என்றது. மறுபடியும் ஆட்டினார். டொக். என்ஜின் ஓடாமல், ஒரு மனிதரின் இரண்டு விரலில் அந்தச் சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது. இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தரும் அதைக் கேட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மகள் எழுந்து வந்தாள். தட்டில் விரலை விட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள். பெரியப்பாவைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“அப்பா, இந்த ஆயிலை யார் ஊத்தினது?” என்று கேட்டாள்.

“நான்தாம்மா. அண்ணன் சொன்னாரு.”

“அம்மா சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியுமா?”

என் கணவர் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். அதன் பிறகு, “தெரியும்னு சொல்ல முடியாது. சரியாத்தான் இருக்கும்னு தோணுச்சு. அத்தனை பேர் முன்னாடி அண்ணனை எப்படி...” என்றார். அவள் விரலில் இருந்த ஆயிலைத் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

பாலிஷ் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், குடும்ப விவகாரத்தைக் குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் ஆய்வாளரிடம் சொன்னதாக அறிகிறேன். எனக்கு அதில் சம்மதம் இல்லை. குடும்பத்துக்குள் நான் பேசிப் பார்த்துவிட்டேன். நான் உடைத்தது பதிவாக வேண்டும், ஏன் உடைத்தேன் என்பதும் அதன் பக்கத்திலேயே பதிவாக வேண்டும். அந்தத் தட்டில் இருக்கும் ஆயிலைக் கொட்டாமல் ஒரு புட்டியில் அடைத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியிருப்பதெல்லாம் நான் என் வாயால், யாரும் மிரட்டாமலும் ஆசை காட்டாமலும் சொன்னது. எழுத்தர் திரும்ப வாசித்துக் காட்டினார், ஓர் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. ‘நடந்ததற்கு வருந்துகிறேன்’ என்று கடைசியில் ஒரு வரி வழக்கப்படி எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்பதால் அதை அடிக்கச் சொன்னேன், அடித்த இடத்தில் என் சுருக்கக் கையொப்பம் இருக்கிறது.

வாக்குமூலத்துக்குச் சாட்சியாக ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னபோது, என் கணவர் பெஞ்சிலிருந்து எழுந்து தான் போடுவதாக முன்வந்தார். காலையில் மைதானத்தில் நான் கூப்பிட்டபோது வராதவருடைய கையெழுத்து எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிலைய வாகன ஓட்டுநர் கையெழுத்திட்டிருக்கிறார்.

(ஒப்பம்) லேத்தக்கா